மேற்கு ஜன்னலுக்கு எந்தத் திரை?

உங்கள் படுக்கையறையில் மேற்குப் பார்த்த இரண்டு ஜன்னல்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அறை கொதிக்கிறது, ஏ.சி. நிற்காமல் ஓடுகிறது. ஒரு கடையில் வெளிச்சம் துளியும் புகாத கறுப்பு ரோலர் பிளைண்டை (உருளையில் சுற்றிக்கொள்ளும் துணித் திரை) காட்டி, இதைப் போட்டால் வெப்பம் உள்ளே வராது என்கிறார்கள். இன்னொரு கடையில் தேன்கூட்டுத் திரைதான் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்கிறார்கள். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை வேறு இருக்கிறது. இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தபோது, உங்களுக்கு வேண்டியது வேறொரு கேள்விக்கான விடை என்று எனக்குப் பட்டது: அந்த மேற்கு வெயிலை எந்த இடத்தில் தடுத்து நிறுத்துவது? அது தெரிந்துவிட்டால் எந்தத் திரை என்பது தானாகவே தெளிந்துவிடும்.

நான் கட்டடப் பொறியியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜன்னல் திரைகளை அளவெடுப்பதும் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும்தான் என் தொழில். படிப்பு சொல்வதும் கை அறிந்ததும் ஒத்துப்போகிற இடங்களை அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு மாறக்கூடிய இடங்களில் அப்படித்தான் என்று குறிப்பிடுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கணக்கு போட்டால்தான் கடைப்பேச்சிலிருந்து விடுபட முடியும். உங்கள் ஜன்னல் ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1.8 சதுர மீட்டர். மேகமில்லாத பிற்பகலில் சூரியன் மேற்குச் சுவரை நேராகப் பார்க்கும் வேளையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 600 வாட் அளவுக்கு வெயில் விழும். பருவத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப இது கூடும், குறையும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். அப்படியானால் ஒரு ஜன்னல் வழியாக ஏறத்தாழ 850 வாட், இரண்டு ஜன்னல் வழியாக 1,700 வாட். அறையின் நடுவே இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி வைத்துவிட்டு ஏ.சி.யைப் போடுவது போன்றது இது. ஒரு டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 3,500 வாட். அதில் பாதி இந்த இரண்டு ஜன்னல்களுக்கே போய்விடுகிறது. உங்கள் ஏ.சி. ஏன் மூச்சு வாங்குகிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து, அந்த வெயில் உள்ளே வந்தபின் என்ன ஆகிறது என்பது. சூரிய ஒளியில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். மீதியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். சிறு பங்கு புற ஊதாக் கதிர். கண்ணாடி இவற்றில் பெரும்பாலானவற்றை வழிவிட்டு அனுப்பும். ஆனால் அந்தக் கதிர்கள் ஒரு பொருளின்மேல் பட்டு அது சூடாகி, அந்தச் சூடு மீண்டும் நீண்ட அலைக் கதிராக வெளிப்படும்போது, அதே கண்ணாடி அதை வெளியே விடாது. உள்ளே வரும்போது திறந்திருந்த கதவு வெளியே போகும்போது மூடிக்கொள்கிறது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் எதன்மேல் பட்டு வெப்பமாக மாறினாலும், அந்த வெப்பத்தின் பெரும்பகுதி அறைக்குத்தான் சொந்தம். அது தரையாக இருந்தாலும் சரி, கட்டிலாக இருந்தாலும் சரி, உங்கள் புதிய கறுப்புத் திரையாக இருந்தாலும் சரி.

இதை நான் கையால் தொட்டு உணர்ந்த ஒரு நாள் நினைவிருக்கிறது. ஒரு வீட்டில் மேற்கு ஜன்னலுக்குக் கறுப்பு ரோலர் பிளைண்ட் மாட்டியிருந்தார்கள். ‘அறை இருட்டாகத்தான் இருக்கிறது, புழுக்கம் மட்டும் குறையவே இல்லை’ என்று அந்த வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். மாலை நான்கு மணி. திரைத்துணியின் அறைப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன்; சிறிது நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. மேலே துணி சுற்றியிருக்கும் உருளைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் கையை நீட்டினேன். அடுப்புக்கு மேலே கை வைத்தது போல் சூடான காற்று மேலெழுந்து வந்தது. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சூடாகும் காற்று மேலே ஏறி அறைக்குள் கொட்டுகிறது. கீழ்ச் சந்து வழியாக அறையின் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு இழுக்கப்படுகிறது. திரையே ஒரு ஹீட்டராகிவிட்டிருந்தது. பையிலிருந்த வெள்ளை அட்டை ஒன்றைக் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே செருகி, பத்து நிமிடம் கழித்து அந்த அட்டைக்குப் பின்னால் இருந்த துணியையும் பக்கத்துத் துணியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே முதல் உறுதியான செய்தி: வெளிச்சம் புகாத துணியும் வெப்பம் புகாத துணியும் ஒன்றல்ல. உள்ளே மாட்டும் திரை வெப்பத்தைத் தடுக்க ஒரே நல்ல வழிதான் உண்டு. வெயில் வெப்பமாக மாறுவதற்கு முன்பே, வெளிச்சமாக இருக்கும்போதே, வந்த வழியே கண்ணாடி வழியாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதற்குக் கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாகவோ வெள்ளி பூசியதாகவோ இருக்க வேண்டும். அறையைப் பார்க்கும் பக்கம் உங்கள் விருப்பம்போல் எந்த நிறமும் இருக்கலாம். கடையில் மாதிரித் துணியைக் கையில் வாங்கியதும் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்து நிறத்தைத்தான் எல்லோரும் அரை மணி நேரம் தேர்ந்தெடுக்கிறார்கள்; மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது பின்பக்கம்.

எண்ணாகச் சொல்வதானால், அமெரிக்க எரிசக்தித் துறை மக்களுக்குத் தரும் வழிகாட்டலில் சில அளவுகள் இருக்கின்றன. சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் விழும் வெயிலில் ஏறத்தாழ 76 சதவீதம் உள்ளே வந்து வெப்பமாகிறது. வெயில்பட்ட ஜன்னலில் நன்றாகப் பிரதிபலிக்கும் பட்டைத் திரையை (கிடைப் பட்டைகளால் ஆன வெனிஷியன் பிளைண்ட்) முழுக்க இறக்கி மூடினால் வெப்ப வரவு ஏறத்தாழ 45 சதவீதம் குறையும். நடுத்தர நிறத் துணித் திரைச்சீலைக்கு வெள்ளை பிளாஸ்டிக் பின்புறம் வைத்துத் தைத்திருந்தால் 33 சதவீதம் குறையும். ஜன்னலுக்கு வெளியே துணிப் பந்தல் போன்ற சாய்ப்பு இருந்தால், கோடையில் தெற்கு ஜன்னலில் 65 சதவீதம் வரையும், மேற்கு ஜன்னலில் 77 சதவீதம் வரையும் வெப்பம் குறையலாம். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: துணியின் தரத்தைவிட, அது கண்ணாடிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பெரிய வித்தியாசத்தைத் தருகிறது.

வெளியே நிறுத்தும் வெயில் வெப்பமானாலும் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். அதனால்தான் வெளிப்புறத் தடுப்புக்கு நிறம்கூட அவ்வளவு முக்கியமில்லை. கறுப்பு வலைத்துணியும் வெளியே இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். கண்ணாடிக்கு வெளியே ஓடுதண்டவாளத்தில் இறங்கும் வலைத்திரை, மடக்கு ஷட்டர், சாய்ப்புத் துணி, மூங்கில் தட்டி என வழிகள் பல. மூங்கில் தட்டியை எளிய பொருள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இடைவெளி வழியே காற்றையும் விட்டுக்கொண்டு, வெயிலையும் வெளியிலேயே நிறுத்தும் பொருள் அது. ஆனால் வெளிப்புறத் திரைக்குத் தடைகளும் உண்டு. உயர்ந்த மாடியில் காற்று அதைப் பிய்த்துப் போட்டுவிடும். திரையின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொள்ளும் உறுதியான பக்கத் தண்டவாளம் இல்லாமல் மாட்டவே கூடாது. கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலென்றால் இடம் இருக்காது. வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் அனுமதி வேண்டியிருக்கும். மழையும் தூசியும் படுவதால் உள்ளே மாட்டும் திரையைவிட ஆயுள் குறைவு. இவ்வளவு இருந்தும், மேற்கு ஜன்னலுக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பது வெளிப்புறத்தைத்தான்.

இனித் தேன்கூட்டுத் திரை. பக்கவாட்டில் பார்த்தால் தேனடை போல அறை அறையாக இருக்கும் மடிப்புத் திரை அது. அந்த அறைகளில் காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று நல்ல வெப்பத்தடை. உள்ளே மாட்டும் திரைகளிலேயே வெப்பக் காப்பில் முதலிடம் அதற்குத்தான், இதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் காப்பு எந்த வெப்பத்துக்கு எதிரானது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜன்னல் வழியாக வெப்பம் இரண்டு விதமாக வருகிறது: ஒன்று நேரடி வெயில், இன்னொன்று வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் கண்ணாடியின் ஊடே கடத்தப்படுவது. ஒற்றைக் கண்ணாடியில், ஒரு பாகை (டிகிரி செல்சியஸ்) வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.7 வாட் கடந்துபோகும். வெளியே 34 பாகை, உள்ளே 26 என்றால் வித்தியாசம் 8. உங்கள் ஒரு ஜன்னலுக்கு 5.7 × 1.8 × 8, அதாவது 82 வாட். மேலே பார்த்த வெயில் கணக்கு 850 வாட். பத்தில் ஒரு பங்குதான்.

அதனால், வெயில் நேராக விழும் சூடான ஊர் ஜன்னலில் தேன்கூட்டின் காற்றறைகளுக்கு வேலை குறைவு. அங்கே அதன் பின்புற வெண்மையும் ஓரச் சந்துகள் அடைபட்டிருப்பதும்தான் பலன் தருகின்றன. பக்கத் தண்டவாளத்தோடு நெருக்கமாகப் பொருத்தினால் வெயில் வெப்பத்தை 80 சதவீதம் வரை குறைக்க முடியும் என்று அதே எரிசக்தித் துறை சொல்கிறது. ‘நெருக்கமாகப் பொருத்தினால்’ என்ற அந்த நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர் நாட்டில் கதை வேறு. வெளியே உறைநிலை, உள்ளே 21 பாகை என்றால் அதே ஜன்னல் வழியாக 200 வாட்டுக்கு மேல் வெளியேறும், அதுவும் இரவு முழுக்க, மாதக்கணக்கில். அங்கே தேன்கூட்டுத் திரை கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். ஜன்னல் வழி வெப்ப இழப்பை 40 சதவீதமோ அதற்கு மேலுமோ குறைக்கும் என்பது குளிர்காலத்துக்கான கணக்கு. கடை விளம்பரத்தில் ஒரு சதவீதம் கண்டால், அது குளிரில் எடுத்ததா வெயிலில் எடுத்ததா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

பட்டை பட்டையாகத் திரும்பும் வெனிஷியன் பிளைண்டுக்கு வெப்பக் காப்பில் பெரிய பெயர் கிடையாது. மூடினாலும் பட்டைகளுக்கு நடுவே காற்று போய் வரும். ஆனால் வெளிச்சத்தை ஆளுவதில் அதற்கு இணையில்லை. வெள்ளைப் பட்டைகளின் உட்புற ஓரம் சற்று மேல்நோக்கும்படி திருப்பி வைத்தால் வெளிச்சம் கூரையில் பட்டு அறை முழுக்கப் பரவும். கண் கூசாது, பகலில் விளக்கும் தேவைப்படாது. படிக்கும் அறைக்கும் வேலை செய்யும் அறைக்கும் நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். குளியலறை, சமையலறை என்றால் அலுமினியமோ நல்ல பிளாஸ்டிக்கோ இருக்கட்டும். ஈரத்தில் மரப்பட்டை வளைந்துவிடும். தூசி துடைப்பது மட்டும் நிரந்தர வேலை.

வலைத்துணி ரோலர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். அந்தத் துணியில் எத்தனை பங்கு துளை என்பதை 1, 3, 5, 10 சதவீதம் என்று குறிப்பிடுவார்கள். எண் சிறிதானால் வெயிலும் குறையும், வெளிக்காட்சியும் குறையும். நேர் வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு 3 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது என் அனுபவம். நிறத்தில் ஒரு முரண் உண்டு: கறுப்புத் துணி வழியே வெளிக்காட்சி தெளிவாகத் தெரியும், கண்ணும் கூசாது, ஆனால் வெப்பத்தை உறிஞ்சும், வெள்ளைத் துணி வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், ஆனால் வெயில் படும்போது தானே ஒளிர்ந்து காட்சியை மங்கலாக்கிவிடும். வெளிப்பக்கம் வெள்ளி பூசி உள்பக்கம் அடர்நிறமாக வரும் துணிகள் இந்த இழுபறிக்கு நல்ல சமரசம். இன்னொன்று, பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாத வலைத்துணி, இரவில் உள்ளே விளக்கு எரியும்போது வெளியே இருப்பவருக்கு எல்லாவற்றையும் காட்டிவிடும். படுக்கையறையில் இதை மட்டும் மாட்டிவிட்டு, பிறகு தெரிந்துகொண்டு வருந்தியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இரவுக்கு இன்னொரு திரை வேண்டும்.

மற்றத் திசைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்கும் மேற்கும் ஒரே குணம்: சூரியன் தாழ்வாக நின்று நேராகப் பாயும், தலைக்கு மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடு அதைத் தடுக்காது. பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருப்பவர்களுக்குத் தெற்கு ஜன்னல் சுலபமானது. கோடை நண்பகல் சூரியன் உயரத்தில் இருப்பதால் சன்ஷேடே போதும், குளிர்காலத்தில் தாழும் சூரியனின் வெப்பம் வரவேற்கப்பட வேண்டியது. தென் அரைக்கோளத்தில் இதை அப்படியே வடக்கு ஜன்னலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நேர் வெயிலே படாத ஜன்னலில் வெயில் தடுப்புக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். மறைப்புக்கு ஒரு மெல்லிய துணி போதும்.

துணித் திரைச்சீலை போடுவதென்றால் மேல்பகுதியைக் கவனியுங்கள். கம்பிக்கு மேலே திறந்திருக்கும் இடம் நான் முன்பே சொன்ன காற்றோட்டத்துக்குக் கதவு. கோடையில் சூடான காற்று அதன் வழியே அறைக்குள் வரும், குளிர்காலத்தில் அறையின் சூடான காற்று அதன் வழியே கண்ணாடிப் பக்கம் இறங்கிக் குளிர்ந்து தரையில் பரவும். மேலே ஒரு பலகைப் பெட்டி அடித்து மூடி, பக்கங்களைச் சுவரைத் தொடும்படி விட்டு, கீழே தரையைத் தொடவைத்தால் சாதாரணத் துணியின் பலன்கூடக் கணிசமாக உயரும். விலை உயர்ந்த துணியை நடுவில் தொங்கவிட்டு நான்கு பக்கமும் சந்து விடுவதைவிட இது மேல்.

திரையை இறக்குவது யார், எப்போது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீடுகளில் ஏறத்தாழ 75 சதவீத ஜன்னல் திரைகள் நாள்தோறும் ஒரே நிலையிலேயே இருக்கின்றன என்பதும் அந்த எரிசக்தித் துறை வழிகாட்டலில் இருக்கிறது. என் அனுபவமும் அதுவே. பழுதுபார்க்கப் போகும் வீடுகளில் சில திரைகளின் மடிப்புகளில் படிந்திருக்கும் தூசியைப் பார்த்தாலே அவை அசைந்து எவ்வளவு காலமாயிற்று என்று தெரியும். மேற்கு ஜன்னலின் திரை வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே இறங்கியிருக்க வேண்டும். அறை சூடானபின் இறக்கினால் சுவரும் தரையும் கட்டிலும் ஏற்கெனவே வெப்பத்தை வாங்கி வைத்திருக்கும். இரவு வரை அதை விட்டுக்கொண்டே இருக்கும். பிற்பகலில் வீட்டில் ஆளில்லையென்றால், நேரம் வைத்து இறங்கும் மோட்டார் திரை உங்களுக்கு ஆடம்பரம் ஆகாது. அல்லது காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே மேற்குப் பக்கத் திரையை இறக்கிவிடும் பழக்கம் போதும், செலவே இல்லை. வெயில் தணிந்து வெளிக்காற்று குளிர்ந்ததும் திரையையும் ஜன்னலையும் திறந்துவிடுங்கள்; ஏ.சி. இல்லாத வீட்டில் இதுதான் உண்மையான குளிர்சாதனம்.

இப்போது குழந்தை விஷயம். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை. தொங்கும் கயிறு, மணிச்சங்கிலி வளையம், மடிப்புத் திரையின் பின்புறத்து நூல்கள் எல்லாமே சிறு குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளக்கூடியவை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி அந்த ஒரு நாட்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பேர் இப்படி இறக்கிறார்கள். சத்தமே வராது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பக்கத்து அறையில் பெரியவர்கள் இருந்தும் தெரியாமல் போயிருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுக்குக் கயிறில்லாத திரை மட்டுமே: கீழ்க்கட்டையைக் கையால் பிடித்து இழுக்கும் ஸ்பிரிங் வகை, அல்லது மோட்டார் வகை. வீட்டில் ஏற்கெனவே கயிற்றுத் திரைகள் இருந்தால், வளையத்தைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கொக்கியை இன்றே பொருத்துங்கள். தொங்கும் கயிறைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் சுற்றிக் கட்டுங்கள். கட்டிலையும் நாற்காலியையும் ஜன்னலடியிலிருந்து நகர்த்துங்கள். இவை இடைக்கால ஏற்பாடுகள்தாம், மாற்றிவிடுவதே தீர்வு. மோட்டார் திரையின் ரிமோட்டில் பொத்தான் பேட்டரி இருந்தால் அதுவும் குழந்தைக்கு எட்டக்கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பழைய பிளாஸ்டிக் பட்டைத் திரை ஏதாவது வீட்டில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். 1996-இல் அதே ஆணையம், இறக்குமதியான வினைல் பட்டைத் திரைகளில் ஈயம் கலந்திருப்பதையும், வெயிலில் பிளாஸ்டிக் சிதையும்போது ஈயத்தூள் மேற்பரப்பில் படிவதையும் கண்டறிந்து எச்சரித்தது. அந்தக் காலத்துத் திரை என்றால், தட்டி உதறாமல், ஈரத்துணியால் போர்த்திக் கழற்றி அப்புறப்படுத்துவது நல்லது.

அளவெடுப்பதில் நடக்கும் தவறுதான் என் தொழிலில் நான் அதிகம் கண்ட வீண்செலவு. ஜன்னல் சட்டத்துக்குள்ளே மாட்டுவதென்றால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் மில்லிமீட்டரில் அளந்து, மூன்றில் சிறியதைக் கொடுக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் சட்டம் கோணலாக இருக்கிறது என்று பொருள். புதுக்கட்டடத்திலேயே மேலுக்கும் கீழுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கண்டிருக்கிறேன். துணி நாடாவில் அளக்காதீர்கள், அது நீளும். ரோலர் பிளைண்டில் உருளையின் இரு முனைக் கொக்கிகளுக்கும் இடம் போக, துணி இருபுறமும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் குறுகலாகவே இருக்கும். அந்தச் சந்து வழியே காலையில் கோடு போல வெயில் வந்து முகத்தில் விழுவதைப் பார்த்து, தவறாகத் தைத்துவிட்டார்கள் என்று பலர் நினைப்பார்கள். அது தவறில்லை, அந்த அமைப்பே அப்படி. அது வேண்டாமென்றால் பக்கத் தண்டவாளம் கேளுங்கள், அல்லது சட்டத்துக்கு வெளியே சுவரில், இருபுறமும் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு மாட்டுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாததற்கு வருகிறேன். ‘மின்கட்டணம் இத்தனை சதவீதம் குறையும்’ என்று யார் சொன்னாலும் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னல் வழியே வரும் வெப்பம் எவ்வளவு குறையும் என்பதை ஓரளவு கணக்கிடலாம். ஆனால் உங்கள் கட்டணம் கூரை, சுவர், கதவுச் சந்து, ஏ.சி.யின் வயது, நீங்கள் வைக்கும் வெப்பநிலை என எல்லாவற்றின் கூட்டுத்தொகை. நீங்கள் மேல்மாடியில் இருந்து, கூரை நாள் முழுக்க வெயிலில் காய்கிறதென்றால், ஜன்னலைச் சரிசெய்த பிறகும் மீதி இருக்கும் புழுக்கத்துக்குத் திரை பொறுப்பாகாது. ஜன்னல் கதவே சரியாக மூடாமல் காற்று புகுந்தால் முதலில் ரப்பர் பட்டை ஒட்டிச் சந்தை அடையுங்கள். திரையின் விலையில் அது சிறு துளி. நெருக்கமான உட்புறத் திரைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. குளிர்காலத்தில் கண்ணாடி மேலும் குளிர்ந்து நீர்த்துளி படியும். காலையில் திறந்து உலரவிடாவிட்டால் சட்டத்தில் பூஞ்சை வரும். வெயிலில், நிறக் கண்ணாடியோ கம்பிவலை பதித்த கண்ணாடியோ என்றால், வெள்ளி பூசிய திரையை மிக ஒட்டி மாட்டுவதால் கண்ணாடி சீரற்றுச் சூடாகி விரிசல் விடும் வாய்ப்பு இருக்கிறது. உங்களுடையது அந்த வகையா என்பதை மாட்டுபவரிடம் நேரில் காட்டிக் கேட்பதே சரி. எழுத்தில் படித்துவிட்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெயில் தடுப்புப் படலம் ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை, முக்கியமாக இரட்டைக் கண்ணாடிக்கு.

உங்கள் அறைக்கு என் யோசனை இதுதான். வெளியே மாட்ட இடமும் அனுமதியும் இருந்தால், பக்கத் தண்டவாளமுள்ள வலைத்திரை வெளியே. உள்ளே இரவுக்கு ஒரு சாதாரணத் துணித் திரைச்சீலை. வெளியே வழியில்லையென்றால், கண்ணாடிப் பக்கம் வெள்ளை பூசிய, வெளிச்சம் புகாத ரோலர், கயிறில்லாத வகை, மேலே மூடுபெட்டியும் பக்கத் தண்டவாளமும் வைத்து. உங்கள் ஊர் குளிர்காலமும் கடுமையாக இருக்கும் ஊரென்றால் மட்டும் அந்த ரோலருக்குப் பதிலாக வெள்ளைப் பின்புறமுள்ள தேன்கூட்டுக்குக் கூடுதல் பணம் கொடுங்கள். முதல் கடைக்காரர் காட்டிய கறுப்புத் திரையை, இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும் பட்சத்தில், வாங்க வேண்டாம்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் பொறுத்து இதைச் செய்து பாருங்கள். இரண்டு ஜன்னல்களில் ஒன்றுக்கு மட்டும் ஒரு வெள்ளைப் போர்வையை வெளிப்பக்கமாகக் கம்பியில் இறுக்கிக் கட்டுங்கள். மற்றொன்றுக்கு அதே போன்ற வெள்ளைப் போர்வையை உள்பக்கமாகக் கட்டுங்கள். மாலை நான்கு மணிக்கு இரண்டு ஜன்னல்களின் முன்னும் நின்று, உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உங்கள் கை உணரும் வித்தியாசத்தை இங்கே எழுதுங்கள். ஜன்னலின் உட்பக்க ஆழத்தையும், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால், எந்த வகைத் தண்டவாளம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.